இரண்டு இடது செருப்பு

பேருந்து நிறுவனத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் கணக்கெடுப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ஏனக்கா'. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். ஒரு நாளைக்கு ஒன்பது பேரைச் சலிப்படையச் செய்வாள்.

குடை, டிபன் பாக்ஸ், மூக்குக்கண்ணாடி என்று கிடைத்ததையெல்லாம் எழுதி மூன்று பணிமனைகளிலிருந்தும் மாதாமாதம் தனித்தனி எக்ஸெல் ஷீட் வரும். மூன்றிலும் வேண்டிய கட்டங்களைத் தேர்ந்து ஒரே பட்டியலாக்குவது அவள் வேலை. பொருளின் பெயர் ஒன்றாக இருந்தால் எண்ணிக்கையைக் கணினியே கூட்டிவிடும்.

அந்த மாதம் 'ஒற்றைச் செருப்பு' என்ற வரியில் இரண்டு என்று வந்தது. வடக்குப் பணிமனையில் ஒன்று, தெற்கில் ஒன்று.

"சார், ஒரே ஆளோட ஜோடியா இருக்குமோ?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்றார் மேலாளர்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் வரவழைத்துத் தரையில் வைத்துப் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மாதிரி தேய்ந்த குதிகால். ஆனால் இரண்டுமே இடது கால்.

"கம்ப்யூட்டர் கூட்டிட்டா ஜோடி ஆயிடுமா?" மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏனக்கா பட்டியலை இன்னும் கீழே உருட்டினாள். மூன்றாவது பணிமனையிலிருந்து ஒரு வரி: ஊன்றுகோல், ஒன்று.

"சார், ரெண்டு செருப்பும் ஒருத்தரோடதுதான். அவருக்கு வலது காலே இல்ல போலிருக்கு."

மேலாளர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"செருப்ப விட்டுட்டு இறங்கலாம். ஊன்றுகோல விட்டுட்டு அந்த மனுஷன் எப்படிம்மா இறங்கினாரு?"

"அப்படிக் கேளுங்க, சார்," என்று அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஏனக்கா.