கெலேரா பறித்துக்கொண்ட வீடு

ஃபிஜித் தீவில் எங்கள் பள்ளத்தாக்குக்குக் கெலேரா மாற்றலாகி வந்த அன்று நகேலே கிராமத்துப் பெண்கள் அவருடைய பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கால் தரையில் பட்டதும் ஒருத்தி குடையை உருவினாள். இன்னொருத்தி அவர் செருப்பைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டாள். தடித்த பெண் ஒருத்தி ஒரு டப்பா பவுடரை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"கந்தாவுத் தீவுக்காரி வந்துட்டா, கோழிக் கூண்டைப் பூட்டுங்கடி."

கெலேரா கண்ணில் விழுந்த பவுடரை மட்டும் துடைத்தார். "கோழியப் பூட்டிடுவீங்க. உங்க ஆம்பளைங்கள எங்க பூட்டி வெப்பீங்க?"

பஸ் நிறுத்தமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அரசாங்கம் அனுப்பிய நர்ஸை இப்படி அவமானப்படுத்துவதா என்று கொதித்துப்போய், பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு நேரே கிராமத் தலைவரிடம் போனேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அவ எங்களுக்கு தௌவு, மாஸ்டர். முறைக்காரி."

கந்தாவுத் தீவில் கெலேராவின் ஊருக்கும் நகேலேவுக்கும் மூதாதைத் தெய்வம் ஒன்று என்பது இவர்கள் கணக்கு. அதனால் இரண்டு ஊர்க்காரர்களும், முன்பின் பார்த்திராவிட்டாலும், கண்டவுடன் திட்டிக்கொள்ளலாம், கையில் இருப்பதைப் பறித்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவன் முகம் சுளித்தால் அவன் ஊருக்கே தலைகுனிவு. நம் மாமன் மச்சான் கேலியை இரண்டு ஊர் அளவுக்கு விரித்துப் பார்த்தால் புரியும்.

நான் அந்த ஊருக்கு வந்தபோது என்னை யாரும் திட்டவில்லை. புதுப் பாய் விரித்தார்கள், முதல் கிண்ணம் யங்கோனா வேர்ச்சாற்றை எனக்கு நீட்டினார்கள், ஏழு வருடமாக மெல்லிய குரலில்தான் பேசினார்கள். அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். ஒருநாள் இதைச் சொன்னபோது கெலேரா சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்தபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மரியாதைதான் மாஸ்டர். நாளைக்குக் கிளம்பிப் போற ஆளுக்குக் குடுக்கிற மரியாதை."

ஆற்றின் மேல்கரையில் ஒன்பது இந்தியக் குடும்பங்கள் குத்தகை நிலத்தில் இஞ்சியும் சேம்பும் பயிரிட்டன. கிராமத்தாருக்கு அவர்கள் கஞ்சர்கள், சூதுக்காரர்கள், ஊரை விழுங்க வந்தவர்கள். அவர்களுக்குக் கிராமத்தார் சோம்பேறிகள், காட்டான்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம், கந்தாவுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்பது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு சாராரைக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் அடைத்தார்கள். மற்றவரைச் சட்டம் போட்டுக் கிராமத்துக்குள் நிறுத்தினார்கள். பிரித்து ஆண்ட வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் எழுப்பிய சுவருக்கு இவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள்.

கெலேரா இந்தச் சுவரின் இரு பக்கமும் நடந்தார். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்து இடுப்பளவு நீரில் ஆற்றைக் கடப்பார். நான்கு வருடத்தில் அறுபது பிரசவம் பார்த்தார். தாய் ஒருத்தியும் சாகவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைப் பேய் பிடித்ததென்று மறைத்து வைத்தவர்களை, முறைக்காரி என்ற உரிமையோடு வீடு புகுந்து ஏசினார். ராம் சுமேர் வீட்டில் ஃபிஜியருக்கென்று எனாமல் குவளை ஒன்று தனியாக மாட்டியிருந்தது. சுமேரின் மனைவி பூல்மதிக்கு நீரிழிவு. வாரம் ஒருமுறை ஊசி மருந்து கொண்டுபோகும் கெலேராவுக்கும் அதில்தான் டீ. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

"எப்படிங்க பேசாம குடிக்கிறீங்க?"

"தண்ணி கொதிச்சுதான்னு பார்ப்பேன். மத்தது அந்தம்மாவோட வியாதி. அதுக்கு என் பெட்டியில மருந்து இல்ல."

இரண்டாயிரமாவது வருடம் மே மாதம் தலைநகர் சூவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்தைப் பிடித்தார்கள். பிரதமர் இந்தியர் என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டே வாரத்தில் அந்தத் தீ மலையேறி எங்களிடம் வந்தது. மேல்கரையில் இரண்டு குடும்பங்கள் வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடின, இன்றுவரை திரும்பவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சுமேர் நெற்றி பிளந்து, பூல்மதியின் தோளைப் பிடித்தபடி மருத்துவ நிலையத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

"யாரு?" என்று ஊசியில் நூல் கோத்தபடி கெலேரா கேட்டார்.

"நகேலே பையனுங்க. வீலியாமே, இன்னும் நாலு பேர். வெளியூர்க்காரன் ஒருத்தன். கதவ உடைச்சுட்டாங்க. மாடு ரெண்டையும் அவுத்துட்டாங்க." சுமேரின் குரலில் கோபம்கூட இல்லை. "போகட்டும் சிஸ்டர். நாளைக்கு நாங்க லௌதோகா அகதி முகாமுக்குப் போயிடறோம்."

முகாமுக்குப் போனால் திரும்ப முடியாது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும். குத்தகை நிலம் காலியாகக் கிடந்தால் போனதுதான். நாற்பது வருட உழைப்பு, ஒரே லாரியில் ஏறிப் போய்விடும்.

சுமேரின் சாமான்களை ஏற்றிய லாரி ஆற்றைக் கடந்து வந்து துறையில் நின்றது. எஞ்சினில் தண்ணீர் ஏறியிருந்தது. அது காயும்வரை பையன்கள் அங்கேயே காத்திருந்தார்கள். கெலேரா கடைசித் தையலைப் போட்டு, நூலை வெட்டி, கையைக் கழுவினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துறைக்கு நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன்.

"என்னடா மச்சான், இவ்வளவு சாமான்? பொண்ணு வீட்டுச் சீரா? உனக்குப் பொண்ணு குடுத்த அந்தக் குருடன் யாரு?"

வீலியாமே லாரியின் பின்கதவில் சாய்ந்திருந்தான். அவன் முகம் சுருங்கியது. "மதினி, போயிடுங்க. இன்னைக்கு விளையாட்டு இல்ல."

"விளையாட்டுக்கு லீவு விட்டது யாரு? தோளக் காட்டு, நான் ஏறணும்."

பழக்கம் அவனைக் குனிய வைத்தது. அவன் தோளில் கை ஊன்றி ஏறிய கெலேரா, பூல்மதியின் மெத்தை மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"அடுப்பு நல்லாருக்கு. இது எனக்கு. தையல் மெஷின், இதுவும் எனக்கு, என் பாவாடை கிழிஞ்சு கெடக்கு. இந்தச் சேவல் எனக்கு. பின்னால கட்டியிருக்கிற மாடு ரெண்டும் எனக்கு."

"லாரி?" என்றான் ஒருவன், தன்னையறியாமல்.

"லாரி வேண்டாம். டயரெல்லாம் உங்கப்பன் மண்டை மாதிரி இருக்கு."

இருவர் சிரித்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் சிரிக்கவில்லை. அவன் கரையோர மாகாணத்து ஆள். அவனுக்குக் கெலேரா முறையும் இல்லை, உறவும் இல்லை. கையில் நீண்ட வெட்டுக்கத்தி. "என்னங்கடா பல்லக் காட்டுறீங்க? இழுத்துக் கீழ போடுங்க அவள."

யாரும் அசையவில்லை.

"எனக்கு இவ முறை கிடையாது," என்று அவனே பின்கதவில் கால் வைத்தான்.

"கிடையாதுதான் தம்பி," என்றார் கெலேரா. "நீ என்னை வெட்டலாம். உன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் இவனுங்க எவனும் கந்தாவுல ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. எங்க ஊர்ல இருக்கிற அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் இவனுங்க பேரு தெரிஞ்சிருக்கும். அதையும் கேட்டுட்டு வெட்டு."

குரல் நேராக இருந்தது. மெத்தையை விட்டு அவர் எழவில்லை.

வீலியாமே லாரியில் ஏறி இருவருக்கும் நடுவில் நின்றான். வெளியூர்க்காரன் அவனை ஒருமுறை பார்த்தான், மற்ற நால்வரையும் பார்த்தான். காறித் துப்பிவிட்டுச் சாலையோடு கீழே நடந்து போனான்.

"எங்க இறக்கணும், மதினி?" வீலியாமே லாரியின் பின்கதவைத் தூக்கி மாட்டினான்.

"என் வீட்டுல."

"நர்ஸ் குவார்ட்டர்ஸ்லயா?"

"அந்த நண்டு வளையில மாட்ட எங்கடா கட்டுவேன்? மேல்கரையில, பச்சைத் தகரக் கூரை."

"அது சுமேர் வீடு."

"அவன்கிட்ட இருந்து நீங்க புடுங்கிட்டீங்க. உங்ககிட்ட இருந்து நான் புடுங்கிட்டேன். இதுல எவனுக்காவது வருத்தம்னா இப்பவே சொல்லு, ஊருக்குச் சொல்லி அனுப்பறேன்."

லாரி திரும்பியது. எந்தக் கோயில் வாசலிலும் நான் வாய் பிளந்து நின்றவன் அல்ல. அன்று அந்தச் சேற்றில் நின்றேன். வெறும் கையோடு ஒரு பெண், கொள்ளைக்காரர்களின் சொந்தச் சட்டத்தை எடுத்து அவர்கள் கையாலேயே ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் கொட்டிலுக்குப் போயின. அடுப்பு சமையலறைக்குப் போனது. உடைத்த கதவை உடைத்தவர்களே நிமிர்த்தி வைத்தார்கள்.

பிறகு கேட்டேன்: "அந்த மூதாதைத் தெய்வத்த நீங்க நம்பறீங்களா?"

"நாலு வருஷமா அதெல்லாம் இல்லன்னு சொல்லித்தானே புள்ளைங்களுக்கு மருந்து குடுக்கறேன். சாமி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அவனுங்களுக்கு வெட்கம் இருக்கு. அது எனக்குத் தெரியும்."

வீடு தன்னுடையது என்று சொல்லிவிட்டதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. சுமேரின் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார், விடிந்ததும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போனார். பூல்மதி பயணத்துக்குக் கட்டிய மூட்டைகளை அவிழ்க்கவில்லை. கதவருகே வரிசையாக இருந்தன.

பத்து நாள் கழித்துக் கிராமத் தலைவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கெலேராவும் அங்கே தடுப்பூசிப் பதிவேட்டோடு இருந்தார். தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பசங்க பேசிக்கறாங்க. முறை ரெண்டு பக்கமும் உண்டு இல்லையா? நீ எடுத்த மாதிரி, உன் வீட்டுல அவனுங்களும் எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை வர்றானுங்க."

கெலேராவின் பேனா நின்றது. அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்தது அப்போதுதான். லாரியிலும் அது முகத்துக்கு ஏறவில்லை. "அத யோசிக்கவே இல்ல, மாஸ்டர்," என்றார். "வாய விட்டேன். வீட்டுக்கு நானே கதவத் தெறந்து விட்டுட்டேன்."

சுமேரிடம் அவரே சொன்னார். "என்னால தடுக்க முடியாது. நான் முகம் சுளிச்சா அன்னைக்கு நடந்தது எல்லாம் பொய்னு ஆயிடும்."

சுமேர் கதவருகே இருந்த மூட்டைகளைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை பாத்துட்டே போறோம்," என்றார்.

ஞாயிறு வழிபாடு முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஐந்து பேர் ஆற்றைக் கடந்து வந்தார்கள். கெலேரா கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். "வாங்க, பிச்சைக்காரங்களா. உங்க உரிமை. எடுத்துக்குங்க."

அடுப்பை ஒருவன் தட்டிப் பார்த்தான். இன்னொருவன் தையல் மெஷின் மேல் கை வைத்தான். பூல்மதி சுவரோடு ஒட்டி நின்றார். வீலியாமே முன்னறையைச் சுற்றிப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான், சுமேரின் நெற்றித் தழும்பில் அவன் கண் சற்று நின்றது. பிறகு ஆணியில் தொங்கிய சுமேரின் ஓலைத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முதுகை வளைத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, இஞ்சிப் பாத்தியில் சுமேர் நடப்பதைப் போலவே நடந்து காட்டினான். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். நாற்பது வருடத்தில் அந்த வீட்டாரை நகேலேக்காரன் எவனும் முகத்துக்கு நேரே கேலி செய்ததில்லை.

சுமேர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வீலியாமேயின் எதிரில் நின்றார். அவன் இடுப்பு உறையிலிருந்த கத்தியின் பிடியைப் பிடித்து, மெதுவாக உருவிக்கொண்டார்.

சிரிப்பு நின்றது. அந்த உரிமையை சுமேருக்கு யாரும் கொடுத்ததில்லை. எந்த மூதாதையின் கணக்கிலும் அவர் பெயர் இல்லை.

சுமேர் கட்டைவிரலால் அலகைத் தடவிப் பார்த்தார். "கூரே இல்ல," என்றார். "இத வெச்சுக்கிட்டு என்னத்தடா வெட்டுவ? இது எனக்கு."

வீலியாமே அவரையும் கத்தியையும் பார்த்தான். முகம் சுளிக்கிறதா என்று மற்ற நால்வரும் அவனையே பார்த்தார்கள். அவன் இடுப்பில் கை வைத்தான். உறையைக் கட்டியிருந்த வார் முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்கச் சற்று நேரமானது.

"கிழவா," என்றான், உறையை நீட்டியபடி. "இதையும் வெச்சுக்க. இல்லாட்டி கைய வெட்டிக்கிட்டு மதினி உயிர வாங்குவ."

சுமேர் வாங்கிக்கொண்டார். தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்கள் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனபின், பூல்மதி கதவருகே உட்கார்ந்து முதல் மூட்டையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.