மஞ்சள் நீரும் இரும்பு மனிதனும்

1950 தை மாதத்துக் குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றில் இரண்டே வரிகள் இருக்கின்றன: "பிள்ளை கூட்டியாயிற்று. மஞ்சள் நீர் குடித்தான்." முதல் வரி மையில், இரண்டாவது பென்சிலில். குறிப்பேடு என்னைச் சுவிகாரம் எடுத்த தகப்பனார், என் அப்பச்சியுடையது. பிள்ளை நான், அப்போது நான்கு வயது. மஞ்சள் கரைத்த நீரைக் குடித்ததும் பிறந்த வீட்டோடு உறவு அற்று, குடித்த வீட்டுப் பிள்ளையாகிவிடுவான் என்பது எங்கள் வழக்கம்.

என்னைப் பெற்றவர்கள் ஆத்தங்குடியில் இருந்தார்கள். நான் காரைக்குடிக்கு வந்த சில ஆண்டுகளில், பெற்ற தகப்பனார் ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார். திரும்பவில்லை.

1972 சித்திரையில் பம்பாய் வேலைக்கான உத்தரவு என் சட்டைப் பையில் ஆறு நாளாகக் கிடந்தது. அப்பச்சி காலமாகிவிட்டிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் என்னை வளர்த்த ஆத்தாவும் நானும்தான். போக ஆசைப்படுவது நானா, குடையோடு போனவரின் ரத்தமா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாட்களில், மனிதன் செய்த மனிதர்களைப் பற்றிய பழைய ஆங்கிலக் கதைகளையே தேடிப் படித்தேன். ஒரு நோட்டில் நடுக்கோடு போட்டு, செய்யும்போதே குணம் உள்ளே வைக்கப்பட்டவர்களை இடப்பக்கமும், பிறகு நடத்தப்பட்ட விதத்தால் அப்படி ஆனவர்களை வலப்பக்கமும் எழுதி வந்தேன். எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதிய கதைகள்தான் அதிகம்.

மதியங்களில் ஆத்தா வீட்டின் நடுவே முற்றத்தை ஒட்டிய வளவில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவார். நான் படித்த கதையைத் தமிழில் சொல்வேன். வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் பச்சையும் சிவப்புமாகத் தரையில் நகரும். சொல்லும்போதே கண் செருகும். கதையில் வரும் இரும்பு மனிதன் பூக்கல் தரையில் ஓசையில்லாமல் நடந்து வந்து, தூண்களுக்கு நடுவே நிற்பான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சை வெளிச்சம்.

"தூங்கிட்டியாப்பு? அது வீட்டை விட்டுப் போச்சா இல்லையா?"

"போயிருச்சு ஆத்தா."

"ஏன், சோறு போடலையா?"

"அது சாப்பிடாது. மின்சாரந்தான்."

"வளத்தவ யாரு?"

"யாரும் வளக்கல. செஞ்சாக, அவ்வளவுதான்."

"ஆளைச் செஞ்சுபிட்டு அப்படியே விட்டானாக்கும். நல்ல காரியம் பாத்தான் வெள்ளைக்காரன்!" நெடியேறித் தும்மினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்: "நீ எப்பப் போறே?"

வெளுக்கப் போட என் சட்டையை எடுத்தபோது அந்த ஆங்கில உத்தரவைப் பார்த்து, எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

"பயமா இருக்கு ஆத்தா. நானும் அவுக மாதிரி திரும்பாமப் போயிட்டா?"

"அவுக மாதிரின்னா சொல்லாமல்ல போயிருப்பே? ஆறு நாளா முழிச்சுக்கிட்டுத் திரியுறே. திருப்பத்தூருக்குப் போகணும்னாலும் உங்க அப்பச்சி ஒரு வாரம் இப்படித்தான் முழிப்பாக. அது இந்த வீட்டு முழி. போய்ட்டு வா."

புறப்படுமுன் ஆத்தங்குடிக்குப் போய்ப் பெற்ற தாயாரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: "அன்னைக்கு மஞ்சத் தண்ணிய நீ எங்க குடிச்சே? வாயில ஊத்துனதை அப்படியே என் சேலையில துப்புனே. அந்த மஞ்சக் கறை போகவே இல்ல."

பம்பாயிலிருந்து ஆறாவது முறை வீடு திரும்பியது 1974 பொங்கலுக்கு. அப்போதுதான் அப்பச்சியின் பெட்டியில் இந்தக் குறிப்பேடு கிடைத்தது. ஆத்தாவிடம் கேட்டேன். "துப்புறதாவது! முழுசாக் குடிச்சுட்டு இன்னுங் கொஞ்சம் கேட்டே," என்றார். பென்சில் வரியைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

அந்த வரி யார் கையெழுத்து, நான் குடித்தேனா துப்பினேனா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.