நான் சேர்த்துச் சொன்ன கோழி

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். வெள்ளைக்காரன் காலம் அது. பண்ணைப்புரத்திலிருந்து சந்தைக்குப் போன என்னை, வண்டியை வழியில் நிறுத்தினேன் என்று ஒரு போலீஸ்காரன் அறைந்தான். ஆறு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்போது புதிதாக வந்த இன்ஸ்பெக்டர், ஜனங்களுக்கு ஸ்டேஷன் மேல் நம்பிக்கை வரட்டுமென்று, போலீஸ் மீதான புகார்களைச் சந்தை நாளில் புளியமரத்தடியில் எல்லார் முன்பும் விசாரித்தார். முதல் ஆளாக நின்றேன்.

"இவன் என்னைய அறைஞ்சான்யா! என் கோழியையும் தூக்கிட்டுப் போனான்!"

கோழி பொய். அறை மட்டும் போதாதென்று நானே சேர்த்தது.

எதிரே நின்ற அந்தப் போலீஸ்காரன் தலைப்பாகையைக் கழற்றினான். "அறைஞ்சது நெசம்ண்ணே. தப்புத்தான். கோழிய நான் தொடல."

என் பழி அங்கேயே தீர்ந்துவிட்டது. வாயை மூடியிருக்கலாம். "பொய் சொல்றான்யா!" என்றேன்.

"அறைஞ்சவன் கோழிய மட்டும் விட்டிருப்பானாக்கும்!" என்று சந்தையே கத்தியது. இன்ஸ்பெக்டர் அவனுடைய பெல்ட்டைக் கழற்றி வாங்கினார். பிறகு வேலையும் போனது.

அன்றுமுதல் ஜனங்கள் பயமில்லாமல் ஸ்டேஷன் படி ஏறினார்கள். என் பொய்யை நம்பித்தான் ஏறினார்கள். கன்னத்து வலி எப்போதோ போய்விட்டது. அவன் சொன்ன அந்த "அண்ணே" இன்னும் போகவில்லை.