கடலைப் பார்த்துக் கட்டிய குழாய்

கலியபெருமாளின் காது எந்தப் பாட்டையும் தள்ளிவைத்ததில்லை. கோயில் நாயனம், மாதா கோயில் பாட்டு, சாவு வீட்டுப் பறை, கடற்கரைச் சாலையில் சிப்பாய்கள் வாசித்துக்கொண்டு போகிற பேண்டு, எது காதில் விழுந்தாலும் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் நகருவார். கல்யாணத்துக்கு மைக் செட் கட்டப் போன இடத்தில் நாயனக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பந்தியைக் கோட்டை விட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டு வீடு வந்த கதையெல்லாம் உண்டு. ஆனால் உனக்கு எதுதான் பிடிக்கும் என்று கேட்டால் பட்டென்று சினிமாப் பாட்டு என்பார். அதிலும் ஊரே முணுமுணுக்கிற பாட்டுதான் அவருக்கு உசிர்.

"நாலு பேரு பாடுறதுதாம்பா பாட்டு. நமக்கு மட்டும் தனியா கொம்பா மொளைச்சிருக்கு?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை இப்போது பார்க்க முடியாது. அது போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

புதுச்சேரியில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருஷம், அவர் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு பிரெஞ்சுக்கார முசியே வீட்டில் மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற மனமில்லாத சாமான்களோடு ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் அந்த வீட்டு மதாம் இவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதில் ஒரு தட்டில் ஒருத்தி பாடுவாள். பின்னால் துருத்தி மாதிரி ஒரு பெட்டி வாத்தியம் இழுத்து இழுத்து அழும். அர்த்தம் ஒரு எழவும் புரியாது. இருந்தும் விடமாட்டார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக் கேட்பார்.

"யாரு செத்துட்டாங்கன்னு இவ இப்படி அழுவுறா?" என்று அவர் பெண்டாட்டி ஜெயம் அடுப்படியிலிருந்து கேட்பாள்.

பட்டணத்துக்குத் தெற்கே, முகத்துவாரம் தாண்டி ஒரு மீனவர் குப்பம். ஆடி மாசம் அங்கே அம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கலியபெருமாள் செட்தான். மற்ற ஊரில் ஸ்பீக்கர் குழாயைத் தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள். அந்தக் குப்பத்தில் தென்னை மரத்து உச்சியில், கடலைப் பார்த்துக் கட்ட வேண்டும். திருவிழா என்றாலும் கடலுக்குப் போகிறவன் போவான். மழை மூடிக் கரை தெரியாமல் போனால், பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுமரத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். அதனால் சாயங்காலம் ஆனால் அங்கே எல்லாக் குப்பத்திலும் போடுகிற பக்திப் பாட்டு கிடையாது, சினிமாப் பாட்டுதான். எந்தப் பாட்டு என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். அது கேட்கிற இடம்தான் நம்ம கரை என்று கணக்கு.

கொடி இறங்கி இரண்டாவது ஆடியில் முத்துதான் பாட்டைச் சொன்னான். முத்து கட்டுமரக்காரன். ரஞ்சிதத்தைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் ஊரே பாடிய ஒரு காதல் பாட்டு, அதை முத்து மூக்கால் பாடிக்கொண்டே துடுப்பை எடுத்துத் தோளில் வைத்தான்.

"அண்ணே, நம்ம பாட்டையே போட்டுக்கினு இரு. காதுல வாங்கிக்கினே வந்துடுவோம்" என்றான். கூட்டாளி குப்பனோடு மரத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

பொழுது சாயும் நேரம் மேகம் கறுத்தது. தூறலும் காற்றுமாகக் கடல் மறைந்தது. கலியபெருமாள் அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டவருக்கே சலித்துவிட்டது. பெட்டியில் மதாம் கொடுத்த தட்டு இருந்தது. இத்தனை ஜனம் கூடியிருக்கிறதே, ஒரே ஒரு தடவை இவர்களும் இதைக் கேட்கட்டுமே என்று பாழாய்ப்போன ஆசை. போட்டார். தென்னை உச்சியிலிருந்து அந்தப் பெண் பாடியபோது குப்பமே அண்ணாந்து பார்த்துக் கேட்டது. பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "இன்னொரு வாட்டி போடு" என்றது. அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. யார் என்றுகூடப் பார்க்காமல் இன்னொரு தடவை போட்டார்.

முத்து வரவில்லை. மறுநாள் வேறொரு குப்பத்தார், கட்டு அவிழ்ந்த ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்த குப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"கிட்ட வந்துட்டோம்ணே. வெள்ளைக்காரப் பாட்டு கேட்டுது" என்று, குனிந்து நின்ற கலியபெருமாளிடம் மட்டும் முனகினான் குப்பன். அவன் பல் கிடுகிடுத்தது. "அது பட்டணத்துக் கிளப்புல போடுற பாட்டாச்சே. நீரோட்டம் நம்மள வடக்க இழுத்துட்டுது, நம்ம ஊரு தெக்கால இருக்குதுன்னு முத்து மரத்தத் திருப்பிட்டான். திருப்பறதுக்கு முன்ன கரையப் பாத்து, எந்த ஊருப்பா இதுன்னு கத்துனான். யாரும் சொல்லலியே!"

எப்படிச் சொல்லுவார்கள்? எதிர்காற்று. போதாக்குறைக்குப் பாட்டு.

அதற்குப் பிறகு கலியபெருமாள் அந்தக் குப்பத்துக்குப் போகவில்லை. வேறு செட்டுக்காரனைக் கைகாட்டிவிட்டார். ஊருக்குள் கல்யாணம் காதுகுத்து என்றால் எல்லாரும் கேட்கிற பாட்டைத் தவிர எதையும் தொடமாட்டார். நாயனத்துக்கு முன் நிற்பதில்லை, பேண்டு போனால் கதவைச் சாத்துவார். இருந்தும் விட்டதா? எந்தத் தட்டைப் போட்டாலும் பாட்டு தொடங்கும் முன் முள் கிறுகிறுவென்று தேய்க்குமே, அந்தத் தேய்ப்புக்குள் காற்றடிக்கும், அலை அடிக்கும். அதற்குள்ளிருந்து ஒருத்தன் கேட்பான்: எந்த ஊருப்பா இது?

"அந்தத் தட்ட ஒடைச்சுப் போட்டுட்டு வாயேன்" என்றாள் ஜெயம். உடைக்கவும் கை வரவில்லை. உடைத்தால் கேட்கிறவனுக்கு யார் பதில் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ!

இதில் கொடுமை என்னவென்றால், ரஞ்சிதம் தினமும் மீன் கூடையோடு அவர் தெருவுக்கு வருவாள். அவர் வாசலில் கூடையை இறக்குவாள். கலியபெருமாள் தலை நிமிராமல் மீன் வாங்குவார். இவளுக்குத் தெரியுமா, குப்பன் சொல்லியிருப்பானா, இன்றைக்கு வாயைத் திறந்துவிடுவாளா என்று ஒவ்வொரு நாளும் பயப்படுவார். தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் பாட்டுக்குச் செதிலைத் தட்டிவிட்டு எழுந்து போவாள்.

புதுச்சேரியைக் காகிதத்திலும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அறுபத்திரண்டாம் வருஷத்து ஆடியில், கூடையை இறக்கியவள் மீனைத் தொடவில்லை.

"இந்த வருஷம் நீயே செட்டு கட்ட வாண்ணே" என்றாள். "அந்த வெள்ளைக்காரத் தட்டையும் எடுத்துக்கினு வா."

கலியபெருமாள் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். "உனக்கு... தெரியுமாம்மா?"

"அன்னிக்கே தெரியும். குப்பன் சொல்லிட்டான்."

"ஒரு வார்த்த திட்டியிருக்கலாமே."

"யாரத் திட்டறது? இன்னொரு வாட்டி போடுன்னு கேட்டாளே ஒருத்தி, அவளையா?" ரஞ்சிதம் அவரை நேராகப் பார்த்தாள். "நாந்தாண்ணே அது. அவரு கடல்ல கெடக்காரு, நான் கரையில நின்னு வாயப் பொளந்துக்கினு கேட்டேன். அம்மாம் நல்லாருந்துச்சு."

அவர் அழுதுவிட்டார். அவள் அழவில்லை. முந்தானையால் மீனை விசிறிக்கொண்டே சொன்னாள்: "கடைசியா அவரு கேட்டது அந்தப் பாட்டுதான். அந்தச் சத்தத்தத் தேடிக்கினு பட்டணத்துக் கரையிலயே அலையறாரு. ராவுல தெனம் வந்து எந்த ஊருன்னு கேக்கறாரு. நம்ம ஊர்ல இருந்து ஒரு வாட்டி போடு, சத்தத்தப் புடிச்சிக்கினு வந்துடுவாரு."

போனார். குழாயைக் கடலைப் பார்த்துக் கட்டினார். வெயில் இறங்கியதும் தட்டை வைத்தார். அந்தப் பெண் பாடினாள், துருத்தி அழுதது. அந்தப் பாட்டைப் போய் இங்கே போடுகிறானே என்று கிழவர்கள் அடிக்க எழுந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் விளக்கோடு நின்ற ரஞ்சிதம் கையைக் காட்டியதும் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. முள் தேய்ந்துகொண்டே இருந்தது. எந்த ஊருப்பா இது, எந்த ஊருப்பா இது. கலியபெருமாளுக்கு அதை எடுக்கக் கை எழவில்லை.

ரஞ்சிதம் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"அவருக்குக் கேட்டிருக்கும்ணே. இப்ப அவரு பாட்டப் போடு. எந்த ஊருன்னு தெரியட்டும்."

முத்து கேட்ட அந்தச் சினிமாப் பாட்டை அப்போதே யாரும் கேட்பதில்லை. ஊர் புதுப் பாட்டுக்குப் போய்ச் சில வருஷமாகியிருந்தது. தேய்ந்துபோன அந்தத் தட்டை அவர் வைத்ததும் குப்பம் ஒவ்வொரு வாயாகச் சேர்ந்து பாட ஆரம்பித்தது. குப்பனும் பாடினான். கலியபெருமாளும் பாடினார். ரஞ்சிதம் மட்டும் பாடாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.