பொது ஃபோல்டர்

பாறசாலையில் உள்ள அந்த ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் என்றால் ஜெஸ்மிதான். பொழியூரில் வள்ளம் இறக்கி மீன்பிடிக்கிற கிரகோரியின் மகள். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஆள் குறைத்தபோது வேலை போய் இங்கே வந்து சேர்ந்தவள். கறுப்புத் திரையில் அவள் நாலு வரி அடித்தால், ஊரூராக ரத்தம் எடுக்கும் சென்டர்களுக்கெல்லாம் ரிப்போர்ட் போய் விழும். லேப் முதலாளி சதாசிவனுக்கு அதில் பெருமை. அவளுக்கும் உண்டு, இல்லை என்றால் பொய்.

வாட்ஸாப்பில் ரிப்போர்ட் அனுப்பினால் கண்டவர் கைக்குப் போகும் என்று வாதாடி, தனி செர்வர் அமைத்தவள் அவளே. பாறசாலை, அமரவிளை, தனுவச்சபுரம் என ஒவ்வொரு சென்டருக்கும் தனிப் பெயர், தனிச் சாவி, தனி ஃபோல்டர். ஒருவர் மற்றவருடையதை எட்டிப்பார்க்க முடியாதபடி பூட்டு. ஆனால் பூட்டைப் போட்டதும் யாராலும் உள்ளேயே நுழைய முடியவில்லை. பூட்டிய ஃபோல்டர் நிர்வாகியின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுத உரிமை இருந்தால் அந்த செர்வர் ஆளை வெளியே தள்ளிவிடும். இது பிடிபடுவதற்குள் சதாசிவன் பின்னால் வந்து நின்று, ரிப்போர்ட்டுக்கு வந்தவர்கள் சத்தம் போடுகிறார்கள் என்றார். ஜெஸ்மி பூட்டை எடுத்துவிட்டு, எல்லோரையும் ஒரே பொது ஃபோல்டரில் இறக்கி, எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்தாள். இப்போதைக்குத்தான். 'இப்போதைக்கு' மாதிரி ஆயுசு கெட்டியான சொல் தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் அஞ்சுவின் கல்யாணம் முறிந்தது. அஞ்சு, லேபுக்கு அடுத்த தெரு சுகிர்தபாயின் ஒரே மகள். இந்த வயதிலேயே சர்க்கரை. தாய் அதை மாப்பிள்ளை வீட்டில் பக்குவமாகச் சொல்ல நேரம் பார்த்திருந்தாள். அதற்குள் அவர்களே ரிப்போர்ட்டில் இருந்த சர்க்கரை அளவைச் சொல்லி, கல்யாணம் வேண்டாம் என்று ஆளனுப்பிவிட்டார்கள். அஞ்சுவுக்கு ரத்தம் எடுத்தவள் லேபில் வேலை பார்த்த அம்மிணி. அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? சுகிர்தபாய் லேப் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். சதாசிவன் அம்மிணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஊசி போட்டால் வலிக்காது என்று பேரெடுத்தவளை இப்போது ஊரே ஓட்டை வாய்க்காரி என்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குடையும் டிபன் பாத்திரமும் எடுக்க அம்மிணி வந்தாள். ஜெஸ்மியும் அவளைச் சந்தேகப்பட்டவள்தான், முகம் கொடுக்கவில்லை.

“நான் ஆரிட்டயும் மிண்டல்ல, ஒரு வார்த்தை சொல்லல்ல மக்கா,” என்றாள் அம்மிணி. “அந்த மாப்பிளைக்க சித்தப்பன் மகன் ஷைஜு, நம்ம தனுவச்சபுரம் சென்டர்லதான் வேலைக்கு நிக்கியான். அவன் பாத்துச் சொல்லியிருப்பானான்னு ஒருத்தரும் கேக்கல்ல.”

அவள் போனதும் ஜெஸ்மி இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். தனுவச்சபுரத்தின் பெயரில் உள்ளே போனாள். எப்போதும் நிர்வாகியாக நுழைந்தே பழகியவள், மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பட்டியல் கேட்டு இரண்டு எழுத்து அடித்தாள். பாறசாலை ரிப்போர்ட் மொத்தமும் வந்து இறங்கியது. நடுவில் அஞ்சுவின் பெயர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் தன்னுடையது.

சதாசிவன் பின்னாலிருந்து திரையை எட்டிப் பார்த்தார். “அடைச்சிடு. வெளிய ஒண்ணும் மிண்டாத.”

“அப்போ அம்மிணியக்கா?”

“அவளுக்கு வேற வேலை கிட்டும். லேபுக்குப் பேரு போனா நம்ம எல்லாரும் ரோட்டிலாக்கும். நீ சொன்னா நாளைக்கு இஞ்ச வராண்டாம்.”

பூட்டினால் சாட்சி போய்விடும், அவளுக்குத் தெரியும். ஆனால் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் இன்னும் எத்தனையோ பேருடைய நோய் அங்கே அம்பலத்தில் கிடந்தது. அவள் பூட்டினாள். ஃபோல்டரை நிர்வாகியின் பெயருக்கு மாற்றி, ஒவ்வொரு சென்டரையும் அதனதன் அறைக்குள் அடைத்து, செர்வரை மறுபடி ஓடவிட்டு, தனுவச்சபுரமாக நுழைந்து பார்த்தாள். தனுவச்சபுரம் மட்டும் இருந்தது. அன்றைக்கே செய்திருக்க வேண்டியதற்கு அரை மணி நேரம் பிடித்தது. இனி இங்கே வர முடியாது என்று தன் டிபன் பாத்திரத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சுகிர்தபாய் வீட்டுக்கு நடந்தாள்.

சொன்னதை சுகிர்தபாய் நம்பவில்லை. “அம்மிணி உனக்கு என்ன தந்தா?”

“ஒண்ணும் தரல்ல மாமி. நான் திறந்துபோட்டதாக்கும்.”

“எங்கே, காட்டு.”

“இப்போ அடைச்சிட்டேன்.”

சுகிர்தபாய் கசப்பாகச் சிரித்தாள். உள்ளேயிருந்து அஞ்சு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நம்பிவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“ஷைஜு மட்டுமா பாத்தான்? வேற ஆரெல்லாம் பாத்தாவ, அக்கா?”

யார் எதைத் திறந்தார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லும் ஒரு வரி உண்டு. ஜெஸ்மி அதையும் எழுதியிருக்கவில்லை.

“தெரியாது மக்கா,” என்றாள். அழுகை வந்தது. அழ எனக்கென்ன உரிமை என்று அடக்கிக்கொண்டாள்.

சுகிர்தபாய் மகளைப் பார்த்தாள், ஜெஸ்மியைப் பார்த்தாள். அம்மிணி வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடி மாட்டினாள்.

“அது அம்மிணியாவே இருந்திருக்கப்பிடாதா,” என்றாள். “ஒரு வாயின்னா ஏசியாவது ஆறியிருப்பேன்.”