கடைச் சுவரில் என் படம்

இருபத்து மூன்று வயதில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் அது. அண்ணனின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. என் மருந்தாளுநர் சான்றிதழின் மூலையில் அது ஒட்டியிருக்கும். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, கயத்தாறு போகிற வழியில் ஒரு கிராமத்து மருந்துக்கடையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருந்தார்கள். அந்தக் கடையில் நான் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை.

மருந்துக்கடை என்றால் பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும், அவர் பார்வையில்தான் மருந்து கைமாற வேண்டும் என்பது சட்டம். வழக்கம் வேறு. ஆள் வேண்டாம், சான்றிதழ் போதும். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து லாரிகளுக்கு ரசீது எழுதிக்கொண்டிருப்பேன். எனக்குப் பதிலாக என் சான்றிதழ் அங்கே வேலைக்குப் போகும். மாதம் பிறந்தால் அதற்கு வாடகை வரும். கூடப் படித்தவர்களைப் பார்த்தால் "சர்டிபிகேட்ட எங்கன வச்சிருக்க?" என்றுதான் நலம் விசாரிப்போம். அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அதில் முப்பது நாள் கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புவேன். ஆணியில் எனக்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கும். சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் அரைநாள் லீவு போட்டுப் போய் அதை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

கடைக்காரர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. மதுரையில் ஒரு மருந்துக்கடையில் பெட்டி பிரித்து அடுக்கித் தொழில் கற்றவர். மருந்துச் சீட்டில் யார் எப்படிக் கிறுக்கினாலும் வாசித்துவிடுவார். உடம்புவலி, முட்டுவலி என்று வருகிறவர்களுக்கு 'செட்' கொடுப்பார். நாலைந்து மாத்திரைகளை உதிரியாக ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பதுதான் செட். அதில் ஒன்று வெள்ளையாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அது ஸ்டீராய்டு. வலியைச் சுருட்டி எறிந்துவிடும். அதனால்தான் அண்ணாச்சி கை ராசியான கை என்று ஊரில் பேர்.

அந்த அம்மாவை முதலில் பார்த்தது ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. உளுந்துக் காட்டில் களையெடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது. கடைக்குள் மண் விழுமே என்று படியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கது நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"உங்க மாத்திரை இல்லன்னா நான் மூலையில கெடப்பேன் சார். இப்ப தெனமும் வேலைக்குப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளபடி சொன்னால், மனசு குளிர்ந்துதான் போயிருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர் முகம் நிலாவாக உருண்டிருந்தது. கன்னம் பளபளத்தது. "அக்காவுக்கு இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு" என்று கடையில் நின்ற ஒருவர் சொன்னார். கைகளில் அடிபடாமலே கன்றிய நீலத் திட்டுகள். பாடப் புத்தகத்தில் இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்காக ஸ்டீராய்டு தின்கிற முகம்.

அவர் போன பிறகு அண்ணாச்சியிடம் சொன்னேன், "அந்தம்மாவுக்கு இனிமே அந்த வெள்ளை மாத்திரையக் குடுக்காதீங்க."

"நல்லா நடமாடுதாவளே சார்?"

"சொன்னாக் கேளுங்க. வம்பாயிரும்."

"சரி, நீங்க படிச்சவிய. நிறுத்திருதேன்."

இதோடு முடிந்திருந்தால் நான் யோக்கியன். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்துபோயிருக்கும்; சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். மருத்துவரிடம் அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டிப்ளமா வாய்மொழித் தேர்வில் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிசகாமல் பதில் சொல்லி, "வெரிகுட்" வாங்கியவன் நான்.

அன்றைக்கும் அந்தப் பதில் ஞாபகத்துக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மருத்துவரிடம் அனுப்பினால் இதை யார் கொடுத்தது என்று அவர் கேட்பார். கடைப் பேர் வரும். பதிவேடு வரும். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. பஸ் வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

பதினைந்து நாளில் அண்ணாச்சி போன் செய்தார். அந்தம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததாம். ஓயாத வாந்தியாம். எழுந்து நிற்க முடியவில்லையாம். கோவில்பட்டிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாராம். "விஷக் காய்ச்சல்னு பேசிக்கிடுதாவ" என்றார். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே போய்ச் சான்றிதழைக் கழற்றினேன். இனி இந்தப் பிழைப்பு வேண்டாம் என்றேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கும்போது அந்த அம்மாவின் மகள் எதிரே வந்தாள். ஊர்ப்பக்கத்துத் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கம்மா கடைசிவரைக்கும் உங்களைத்தான் சார் சொல்லிட்டிருந்தா. அண்ணாச்சி மாத்திரைய நிறுத்திட்டாவ, படத்துல இருக்க சார் இருந்தா நிறுத்தியிருக்க மாட்டாவன்னு."

சட்டத்தின் முனை விலாவில் குத்திக்கொண்டிருந்தது. அப்படியே பஸ் ஏறினேன்.

யாரும் புகார் கொடுக்கவில்லை. எவரும் விசாரிக்கவில்லை. அண்ணாச்சி வேறொருவரின் சான்றிதழை மாட்டிக் கடையை நடத்திவருகிறார். நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் சின்னதாகச் சொந்தக் கடை வைத்தேன். காலையிலிருந்து அடைக்கும்வரை கடையில்தான் இருக்கிறேன். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கேட்டால் சண்டைக்குப் போய்விடுவேன். "இந்த ஆளு சிடுமூஞ்சி" என்று பேர். ஆனால் என் கடையிலும் சான்றிதழை மாட்டித்தான் ஆக வேண்டும். சட்டம் விடாது. எண்ணெய்த் தலையோடு அந்தப் பையன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறவர்களைப் பார்க்கிறான். மழை பெய்து, கரிசல் மண் அப்பிய செருப்பை யாராவது படியில் கழற்றிவிட்டால் நான் தலையை நிமிர்த்த மாட்டேன்.

போன மாதம் ஒரு பெண் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தாள். என் தலை நரைத்திருந்ததால் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மாத்திரையை எடுத்து வைத்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்களா? எங்கம்மா உங்களை..."

"ஏம்மா, கொஞ்சம் பொறு" என்றேன். இத்தனை வருஷமாகத் தனியே சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அந்த மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான்தான். அதைக் குடுத்திருக்கவே கூடாது. குடுத்த பெறகு அப்படித் திடீர்னு நிறுத்தவும் கூடாது. ரெண்டும் எனக்குத் தெரியும். டாக்டர்ட்டப் போன்னு சொல்லியிருந்தா உங்கம்மா பிழைச்சிருக்கும். மாட்டிக்கிடுவேன்னு பயந்து சொல்லல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி அங்கேயே வைத்தாள்.

"இதை வேற கடையில வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.