காந்தமும் பித்தளை வளையலும்

எழுபதுகளில் புதுவாயல் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர் ஒரு லேத் பட்டறைக்காரர். அவர் விரல்களில் எண்ணெய்க்கறை போகவே போகாது. ஒருநாள் பிள்ளைகளிடம் காந்தத்தைக் காட்டினார்.

"இயேசப்பா இப்டித்தான் நம்மள இழுத்துக்குவாரு. யாருக்காக ஜெபம் பண்றீங்களோ அவுங்க சாமான கொண்டாரச் சொன்னேனே, அத வைங்க."

சாவி, ஊக்கு எல்லாம் ஒட்டின. டாக்டர்கள் இனி முடியாதென்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட என் மனைவியின் பித்தளை வளையலை என் மகள் வைத்தாள். ஒட்டவில்லை.

"எங்கம்மா மட்டும் அவருக்கு வேணாமா சார்?"

 அவர் வளையலைக் கட்டைவிரலால் காந்தத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாரு பாப்பா, ஒட்டிக்கினு இருக்குது."

"கைய எடு சார்."

ஆராதனை மணி அடித்தும் அவர் எடுக்கவில்லை. வாசலில் நின்ற நான், அவர் எடுத்துவிடக் கூடாதே என்று ஆண்டவரிடம் மன்றாடினேன். வேறெதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.